எழுத்துப்பிழை திருத்தியும் எழுதுவோன் பொறுப்பும்

பழைய தமிழ் நூல்கள் பலவற்றின் இறுதியிற் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று காணப்படும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு நிரலாக வகுக்கப்பெற்ற அப்பட்டியல், நூலை அச்சிட்டோரின் குறையைக் காட்டுவது போலத் தோன்றினும், உண்மையில் அவர்தம் கடமையுணர்ச்சியையே காட்டுவதாகும். அச்சேறிய பின்னரும் ஒருவர் அந்நூலை முதலிலிருந்து இறுதிவரை கருத்தூன்றிப் படித்தார் என்பதற்கு அதுவே சான்று. இன்று வெளிவரும் நூல்களில் அப்பட்டியல் அருகிவிட்டது. பிழைகளும் அருகிவிட்டனவோ எனின், அற்றன்று. பிழை பார்க்கும் தொழிலிற் பெரும்பகுதி கணினிக்கு உரியதாயிற்று. பார்த்தாயிற்று என்னும் நம்பிக்கை, பார்த்தல் என்னும் செயலின் இடத்தைப் பற்றிக்கொண்டது.

கணினியில் எழுதுவதற்கு உதவும் சொற்செயலி என்னும் மென்பொருளோடு இணைந்து வருவது எழுத்துப்பிழை திருத்தி. அது யாது செய்கின்றது, யாது செய்ய மாட்டாது, தமிழ் எழுதுவோர், சிறப்பாக ஈழத்துத் தமிழ் எழுதுவோர், அதன் தீர்ப்பை எத்துணை அளவிற்கு ஏற்றல் தகும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

கருவியின் தோற்றமும் தொழிற்பாடும்

இக்கருவியின் வரலாறு ஆங்கில மொழியோடு தொடங்குகின்றது. 1961 ஆம் ஆண்டில், கையெழுத்தைக் கணினி கொண்டு படிப்பிக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்த லெஸ் ஏர்னெஸ்ற் என்பார், ஏற்கத்தக்க சொற்கள் 10,000 கொண்ட பட்டியலொன்றை அம்முயற்சிக்குத் துணையாக அமைத்தார். பின்னர் அவர்பாற் பயின்ற றால்ஃப் கோறின் என்பார், 1971 ஆம் ஆண்டில் ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்திற் பொதுவான ஆங்கில உரைகளின் எழுத்துப்பிழையைக் காணும் நிரலொன்றை ஆக்கினார். இவ்விரண்டிற்கும் இடையே, 1964 ஆம் ஆண்டில், பிறெட் டமறோ என்னும் அறிஞர் எழுத்துப்பிழைகளின் இயல்பை ஆராய்ந்து, அவற்றுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை நான்கு வகையுள் ஒன்றில் அடங்கும் எனக் காட்டினார். ஓரெழுத்து மிகுதல், ஓரெழுத்துக் குறைதல், ஓரெழுத்துப் பிறிதோர் எழுத்தாதல், அடுத்தடுத்த இரண்டெழுத்துக்கள் இடம்மாறுதல் என்பன அவை.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இப்பகுப்புப் புதுமையாகத் தோன்றாது. புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்த மரபு தமிழுக்குரியது. நான்காவதாகிய இடமாற்றத்தையும், தசை சதையாதலும் ஞிமிறு மிஞிறாதலும் போன்றவற்றை எழுத்து நிலைமாறுதல் எனக் கூறித் தமிழிலக்கண நூலார் உணர்த்தினர். எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இலக்கண நூலார் இம்மாற்றங்களை மொழியின் இயல்பாகக் கண்டனர்; கணினி அறிஞரோ இவற்றைப் பிழையின் வழிகளாகக் கண்டனர். இவ்வேறுபாடு பின்னர் வரும் இடர்கள் சிலவற்றுக்கு மூலமாகின்றது.

கருவியின் தொழிற்பாடு சிக்கலற்றது. அது வெற்றிடத்தை எல்லையாகக் கொண்டு உரையைச் சொற்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு சொல்லையும் தன் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாத சொல்லின்கீழ் அடையாளமிடும். மேற்கூறிய நான்கு மாற்றங்களில் ஒன்றிரண்டைச் செய்து, பட்டியலிலுள்ள அண்மைச் சொற்களை மாற்றாக நீட்டும். 1995 ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசொவ்ற் வேர்ட் பதிப்பு, எழுதுந்தோறும் உடனுக்குடன் சிவப்பு நெளிகோடிடும் முறையைப் பரவச் செய்தது. அதுவரை எழுதி முடித்தபின் நிகழ்ந்த சோதனை, அன்றுமுதல் எழுதும் கையோடு உடனிருந்து கண்காணிப்பதாயிற்று.

ஆகவே இக்கருவி விடையளிக்கும் வினா ஒன்றேயாகும். 'இச்சொல் என் பட்டியலில் உண்டா?' என்பதே அது. 'இச்சொல் இவ்விடத்திற்கு உரியதா?' என்பது வேறு வினா. எழுதுவோன் வேண்டுவது இரண்டாம் வினாவிற்கு விடை. பெறுவதோ முதல் வினாவிற்கு விடை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இக்கருவி பற்றிய மயக்கங்களுக்கெல்லாம் தாயாகும்.

பிழையைக் காணாமை

ஆங்கிலத்தில் இக்குறையை நகைச்சுவையோடு வெளிப்படுத்தியவர் ஜெறல்ட் சார் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். 1992 ஆம் ஆண்டில் அவர் இயற்றிய செய்யுளொன்றில், உரிய சொல்லுக்குப் பதிலாக அதனோடு ஒத்தொலிக்கும் பிறிதொரு சொல்லே இடந்தோறும் நிற்கும். ஒவ்வொரு சொல்லும் அகராதியில் உள்ளது. ஆதலின் கருவி ஒன்றையும் குறைகூறாது. செய்யுளோ படிப்போரை நகைக்க வைக்கும் பிழைக்குவியல்.

ஆங்கிலத்தில் நகைச்சுவைக்காக முயன்று ஆக்கவேண்டியிருந்த இந்நிலை, தமிழிற் பள்ளி மாணவனின் பயிற்சிக் கொப்பியில் நாள்தோறும் முயற்சியின்றி நிகழ்வது. ரகர றகரங்களும், லகர ளகர ழகரங்களும், ந, ன, ண என்பனவும் பொருளை வேறுபடுத்தும் எழுத்துக்கள். ழகரமும் ளகரமும் பலரது பேச்சில் ஒன்றாகிவிட்டமையால், செவியை நம்பி எழுதுவோன் இடறுதல் இயல்பு. அங்ஙனம் இடறும்போது பிறப்பது பெரும்பாலும் பொருளற்ற எழுத்துக்கூட்டமன்று. பிறிதொரு நல்ல சொல்லே. அறம் பிழைபட்டால் அரமாகும், இறை பிழைபட்டால் இரையாகும், பறவை பரவையாகும், தழை தளையாகும், பணி பனியாகும். 'அறம் செய்க' என்பதை ஒருவன் 'அரம் செய்க' என எழுதின், அது கொல்லனுக்குக் கூறிய அறிவுரையாய் முடியும். கருவி அதனையும் வாளா ஏற்றுக்கொள்ளும். 'பனி முடிந்தபின் ஆசிரியர் மணம் மகிழ்ந்து வலி பார்த்து நடந்தார்' என்னும் தொடரில் மூன்று பிழைகள் உள. சொற்களை மட்டும் ஒப்பிடும் கருவி அவற்றுள் ஒன்றையும் காணாது.

ஒற்று மிகுதலும் மிகாமையும் இதனினும் நுண்ணியவை. 'கீரை கடை' என்பது சமையற்கட்டில் இடும் ஏவல். 'கீரைக்கடை' என்பது சந்தையிலுள்ள இடம். 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைக் கொம்பினாற் செய்தது. 'வேலை கொடு' என்பது தொழில் வேண்டுவோன் கூற்று. 'வேலைக் கொடு' என்பது படைக்கலம் வேண்டுவோன் கூற்று. இவற்றுட் பிழை எது, திருத்தம் எது என்பதைப் பட்டியல் உரைக்காது. எழுதுவோன் கருத்தே உரைக்கும். கருத்தை அறியாத கருவி ஒற்றைப் பற்றித் தீர்ப்புக் கூறின், அது சில வேளைகளிற் சரியாக அமைதல் தற்செயலே.

ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து அச்சிட்ட பெரியோரின் முறையை இவ்விடத்து நினைத்தல் பயனுடைத்து. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. எகர ஏகாரங்களின் வேறுபாடும் வரிவடிவில் விளங்குவதில்லை. ஒருவர் 'எரி' எனக் கொண்டதனைப் பிறர் 'ஏரி' எனக் கொள்ளலாம். 'தா' எனக் கொண்டதனைத் 'தர' எனக் கொள்ளலாம். ஆறுமுக நாவலரும் (1822–1879), 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901) எழுத்தின் வடிவை மட்டும் நம்பி ஒரு வரியையும் முடிவு செய்திருக்க இயலாது. முன்னும் பின்னும் நோக்கி, யாப்பை நோக்கி, உரையை நோக்கி, பொருளை நோக்கி, அதன் பின்னரே இன்ன எழுத்தெனத் துணிதல் வேண்டியிருந்தது. அவர்கள் பொருளிலிருந்து எழுத்துக்கு வந்தனர். கருவியோ எழுத்திலிருந்து தொடங்கி எழுத்தோடு நின்றுவிடுகின்றது. ஈழத்துப் பதிப்பு மரபு கற்பித்த முறை முன்னையது என்பதை மறத்தல் ஆகாது.

பிழையல்லாததைப் பிழையெனல்

கருவியின் மற்றைக் குறை இதற்கு மறுதலையானது. சரியான சொல்லைப் பிழையெனக் காட்டுதல் அது. இதற்கு முதற் காரணம் தமிழின் சொல்லாக்க முறை. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லின் வடிவங்கள் கைவிரல்களில் எண்ணத்தக்கவை. தமிழிலோ ஒரு பகுதி காலமும் இடமும் பாலும் எண்ணும் ஏற்று, எச்சமாகியும் வினையாலணையும் பெயராகியும், அதன்மேல் வேற்றுமையுருபும் இடைச்சொல்லும் பெற்றும் வளரும். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தும்' என்பது படிப்போர்க்கு இடர் தராத ஒரே சொல். இத்தகைய வடிவங்களையெல்லாம் தொகுத்துப் பட்டியலாக்குதல் கடல்நீரைக் குடத்தில் அளக்க முயல்வது போலாம். பட்டியல் போதாது, பகுதியும் விகுதியும் புணரும் விதிகளைக் கருவிக்குக் கற்பித்தல் வேண்டும்.

இவ்விடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஒட்டுநிலை மொழியாகிய ஹங்கேரிய மொழிக்கும் அஃது உண்டு. அம்மொழியின் பொருட்டு நேமத் லாஸ்லோ என்பார் ஆக்கிய ஹன்ஸ்பெல் என்னும் நிரல், பகுதிகளை ஒரு கோப்பிலும் ஒட்டுக்களின் விதிகளைப் பிறிதொரு கோப்பிலும் வைத்து இரண்டையும் இணைத்துச் சோதிப்பது. அது பின்னர் லிபரொவ்விஸ், பயர்பொக்ஸ் முதலியவற்றிலும் இடம்பெற்றுப் பல மொழிகளுக்கும் பயன்படலாயிற்று. தமிழ்நாட்டிற் பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் உருவாக்கிய மென்தமிழும், நீச்சல்காரன் என்னும் புனைபெயருடையார் ஆக்கிய வாணியும் தமிழின் இயல்பை நோக்கி எழுந்த முயற்சிகள். இவை பாராட்டுக்குரியன என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது காரணம் பட்டியல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களில் நிகழ்ந்த ஒரு வேடிக்கை இதனை விளக்கும். ஒத்துழைப்பு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் இடைக்கோட்டுடன் மட்டும் பட்டியலில் இருந்தது. இடைக்கோடின்றி எழுதியபோது கருவி அதனைப் பிழையெனக் கொண்டு, கலிபோர்னியாவிலுள்ள கூபட்டினோ என்னும் நகரின் பெயரை மாற்றாக நீட்டியது. நாடுகளின் ஒத்துழைப்பைப் பேசவந்த ஆவணங்கள் சில, அந்நகரைப் பேசுவனவாய் முடிந்தன. ஈண்டுப் பிழை செய்தவர் எழுதியோர் அல்லர். பட்டியலின் குறைவும், அதனை ஐயுறாது ஏற்ற கையுமே பிழைக்குக் காரணம்.

ஈழத்துத் தமிழ் எழுதுவோர் எதிர்நோக்கும் இடர் இவ்வகையினது. தமிழ்ப் பட்டியல்களுக்கு மூலமாகக் கிடைக்கும் எழுத்துக்களிற் பெரும்பகுதி தமிழ்நாட்டினது. அங்கு எழுதுவோர் தொகை பெரிதாதலின் அஃது இயல்பே. ஆயின் ஈழத்து வழக்குக்கெனச் சொற்களும் எழுத்து முறையும் உள. தொழில் என்பதும் நுட்பம் என்பதும் புணர்ந்து தொழினுட்பம் ஆதலும், செயல் என்பதும் முறை என்பதும் புணர்ந்து செயன்முறை ஆதலும் இலக்கண விதிப்படி அமைந்த வடிவங்கள். இலங்கைப் பாடநூல்களிற் பயின்று வந்தவை. தமிழ்நாட்டில் தொழில்நுட்பம், செயல்முறை எனப் பிரிநிலை தோன்ற எழுதுதல் பெருவழக்கு. பிறமொழிச் சொற்களை எழுதுமிடத்தும் இவ்வேறுபாடு உண்டு. ஈழத்தார் இரட்டித்த றகரத்தை ஒலிக்கும் முறை ஆங்கிலச் சொல்லின் ஒலியை அணுகி நிற்றலின், கிறிக்கெற், இன்ரநெற் என றகர ரகரங்களால் எழுதினர். தமிழ்நாட்டார் டகரத்தால் எழுதினர். பெறுமதி, பணிப்பாளர், கணக்காய்வு, கதைத்தல் என்பன ஈழத்து எழுத்திலும் பேச்சிலும் வேரூன்றியவை.

பட்டியலில் இவை இடம்பெறாதவிடத்து விளைவது யாது? மாணவனொருவன் 'தொழினுட்பம்' என எழுதுகின்றான். சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடு தோன்றுகின்றது. தன் பாடநூல் சரியோ, திரையிலுள்ள கோடு சரியோ என ஆராய அவனுக்குப் பொழுதில்லை. கோட்டை நீக்கும் வழி எளிதாயிருக்கின்றது. மாற்றிவிடுகின்றான். மறுநாள் அவ்வடிவை எழுதுவதற்கே அஞ்சுகின்றான். 'பெறுமதி' என எழுதவந்தவன் 'மதிப்பு' என எழுதிக் கடந்துவிடுகின்றான். ஒருவரும் தடை விதிக்கவில்லை. ஒரு சட்டமும் இயற்றப்படவில்லை. எனினும் ஒரு நாட்டின் வழக்கு, எழுதுவோர் அறியாமலே, ஒவ்வொரு சொல்லாகக் கழிகின்றது. ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிட்டால் மாணவன் காரணம் கேட்கலாம். ஆசிரியர் தவறின் அவரே திருத்திக்கொள்ளலாம். கருவியின் கோட்டிடம் காரணம் கேட்பார் இலர். காரணம் கூறாத தீர்ப்பே பெரிதும் அஞ்சத்தக்க தீர்ப்பு.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இவ்விடரை எங்ஙனம் தீர்த்தனர் என்பது நோக்கற்பாலது. நிறத்தைக் குறிக்கும் சொல்லைப் பிரித்தானியர் ஓரெழுத்து மிகுத்தும் அமெரிக்கர் அவ்வெழுத்தின்றியும் எழுதுவர். ஒன்றைப் பிழையென்று தள்ளவில்லை. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா என நாட்டுக்கொரு பட்டியல் அமைத்து, எழுதுவோன் தனக்குரியதைத் தெரிவு செய்ய வழிவகுத்தனர். ஆங்கிலத்திற்கு இசைந்த இம்முறை தமிழுக்கு இசையாமைக்குக் காரணமில்லை. ஈழத்து வழக்கிற்கெனப் பட்டியல் வேண்டுதல் தமிழைப் பிரித்தல் ஆகாது. ஒரு மரத்தின் கிளைகள் இரண்டையும் மரமென ஏற்றலேயாகும்.

புதிய கருவிகள்

சொல்லைத் தனியே நோக்காது, சூழ்நிற்கும் சொற்களோடு சேர்த்து நோக்கும் கருவிகள் பின்னர் எழுந்தன. 2007 ஆம் ஆண்டின் வேர்ட் பதிப்பு, இடத்துக்குப் பொருந்தாத ஆங்கிலச் சொல்லின்கீழ் நீலக் கோடிடும் முறையைக் கொணர்ந்தது. அதன் பின்னர், பெருந்தொகையான எழுத்துக்களைப் படித்துப் பயின்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தொடர் முழுவதையும் நோக்கித் திருத்தம் கூறும் நிலையும் வந்துள்ளது. 'அரம் செய்க' என்பதை இவை ஐயுறக்கூடும். ஆகவே பிழையைக் காணாமை என்னும் முதற் குறை ஓரளவு குறையும்.

ஆயின் இரண்டாவது குறை இவற்றால் தீர்வதன்று, வளர்தலும் கூடும். இக்கருவிகளுக்குச் சரியென்பது பெரும்பான்மையோர் எழுதுவது. மிகுதியாக வழங்காத சொல், அது எத்துணைச் செம்மையுடையதாயினும், இவற்றின் கண்ணுக்கு ஐயத்துக்குரியதே. பட்டியற் கருவி கோடிட்டு நின்றது. புதிய கருவியோ எழுதுவோனைக் கேளாது தொடரையே மாற்றித் தருவதும் உண்டு. உயர்ந்தோர் வழக்கை உலக வழக்காகக் கொண்ட தமிழ் மரபும், பெரும்பான்மையை வழக்காகக் கொள்ளும் இயந்திர முறையும் ஒன்றல்ல.

கொள்ளத்தக்க முறை

இவ்வளவும் கூறியது கருவியைக் கைவிடுக என்பதற்கன்று. எழுதியவன் தன் எழுத்தைப் படிக்கும்போது, எழுதியதைப் படிப்பதில்லை. எழுத நினைத்ததைப் படிக்கின்றான். இரட்டித்த எழுத்தும் விடுபட்ட எழுத்தும் அவன் கண்ணுக்குத் தப்பும். களைப்பறியாத கருவி அவற்றைத் தப்பவிடாது. அதற்குரிய மதிப்பை அளித்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டதை அளித்தல் ஆகாது.

எழுதும்போது கோடுகளைப் பொருட்படுத்தாது எழுதி முடித்து, பின்னர்ச் சோதனையை ஒருமுறை நிகழ்த்துதல் நன்று. முதற்கண் உரையின் மொழி தமிழெனக் குறிக்கப்பட்டுள்ளதா என நோக்குதல் வேண்டும். கோடிட்ட ஒவ்வொரு சொல்லையும் அகராதியோடு ஒப்பிட்டு, சரியெனத் துணிந்த சொல்லை 'அகராதியிற் சேர்' என்னும் கட்டளையால் தன் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளல் தகும். துணியாது சேர்த்த பிழையும் அங்கேயே நிலைத்து, பின்னர் என்றும் கோடின்றிக் கடந்துவிடும் என்பதை மறத்தலாகாது. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றும் கட்டளையை நாடுதல் ஆபத்தானது. கூபட்டினோ அதற்குச் சான்று. இறுதியாக, கோடே இல்லாத பக்கத்தையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் மூலத்தை நோக்கும் அச்சகத்துப் பழைய வழக்கம் இன்றும் கைவிடத்தக்கதன்று.

இவற்றினும் பெரிய கடமை ஒன்று உண்டு. பட்டியல்கள் வானத்தினின்று இறங்கியவை அல்ல, மனிதர் தொகுத்தவை. ஹன்ஸ்பெல் போன்றவற்றின் அகராதிகள் எவரும் திறந்து நோக்கவும் கூட்டவும் இசைந்தவை. ஈழத்துப் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் இலக்கியங்களிலும் வழங்கும் சொற்களை மொழியாசிரியரும் மாணவரும் தொகுத்து ஆராய்ந்து அவற்றிற் சேர்ப்பின், சிவப்புக் கோடு இடவேண்டிய இடத்தில் மட்டும் தோன்றும். அத்தொகுப்புப் பணி இயந்திரத்தால் ஆவதன்று. ஒவ்வொரு சொல்லும் எங்கே, எப்பொருளில் வழங்குகின்றது என அறிந்தோரே செய்யத்தக்கது. அதனைச் செய்யாது, கருவி தம் சொல்லை அறியவில்லை எனக் குறைகூறுதல், கற்பியாத ஆசிரியன் மாணவனைக் கடிதல் போலாம்.

பழைய நூலின் பிழைதிருத்தப் பட்டியலின்கீழ் அச்சகத்தாரோ ஆசிரியரோ பொறுப்பேற்று நின்றனர். கருவியின் கோட்டின்கீழ் ஒருவரும் நிற்பதில்லை. கோடு நீங்கிய பக்கத்திற்கும் எழுதியவனே பொறுப்பாளி. சொல் அவனது, பிழையும் அவனது, திருத்தும் உரிமையும் அவனுக்கே உரியது.